மிளகின் இடது காது



எங்கள் வீட்டில் காது என்றால் நல்லெண்ணெய். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் உச்சந்தலை, தொப்புள், உள்ளங்கால் என்று வரிசையாக வைத்து முடித்து, கடைசியில் தலையைச் சாய்க்கச் சொல்லி இரண்டு காதிலும் இரண்டு சொட்டு விடுவார்கள். காதுவலி என்றால் கரண்டியில் எண்ணெயைக் காய்ச்சி, ஒரு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, சூடு ஆறியதும் அப்பத்தா ஊற்றுவார். ஊற்றிவிட்டு, "இப்பத் தேவலையாய்யா?" என்பார். தேவலை என்று சொல்லிவிடுவோம். இல்லையென்றால் இன்னொரு கரண்டி வரும்.

ஆகவே மிளகு காதைச் சொறிய ஆரம்பித்ததும் நான் நேராக அடுப்படிக்குத்தான் போனேன்.

மிளகு எங்கள் பூனை. போன இதழில் இந்தப் பக்கத்தின் அடியில் அவளைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன்: காதில் கோளாறு, தையல் போட்டிருக்கிறது, அதனால் இதழ் இரண்டு நாள் தாமதம் என்று. அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள், அதே இதழில் நான் மெனக்கெட்டு எழுதிய நான்கு பக்கக் கட்டுரைக்கு வந்ததைவிட அதிகம். மதுரையில் இத்தனை வீடுகளில் பூனை இருக்கிறது என்பதும், அவற்றில் பாதியாவது காதைச் சொறிந்துகொண்டிருக்கிறது என்பதும் எனக்குப் புதுச் செய்தி. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுக்கப் பூனைக்கு. அரசியல் எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். அது அடுத்த மாதமும் அப்படியேதான் இருக்கும்.

சிம்மக்கல்லில் எங்கள் மாடிப்படிக்கு அடியில், விற்காத பழைய இதழ்க் கட்டுகளுக்கு நடுவே பிறந்தவள் மிளகு. சாம்பல் உடம்பில் கறுப்புப் பொட்டுகள். மூன்று வயது, மூன்று கிலோ. மீனாட்சி கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம்தான் நான் கரண்டியைக் காய்ச்சினேன். எண்ணெய் உள்ளே போனதும் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு உதறினாள் பாருங்கள், என் சட்டை, சுவர், மாதக் காலண்டர் எல்லாவற்றிலும் நல்லெண்ணெய். பீரோவுக்கு அடியில் போனவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. கழுத்தில் வழிந்த எண்ணெயை முன்னங்காலால் துடைத்துத் துடைத்து நக்கிக்கொண்டிருந்தாள். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் சொறிவது குறைந்த மாதிரி இருந்தது. வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். தேர் ஓடி முடிந்த மறுநாள் மறுபடி ஆரம்பித்தாள், முன்னைவிட மோசமாக. அழகர் ஆற்றில் இறங்கின அன்று காலையில் பார்த்தால் இடது காதுமடல் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. ஊரெல்லாம் விடுமுறை, பாலத்தைத் தாண்ட முடியாத கூட்டம். ஆயிற்று, நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளி, மூன்றாம் நாள்தான் அவளைக் கட்டைப்பையில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு, தல்லாகுளத்திலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன்.

எனக்கு முன்னால் நான்கு ஆடு, ஒரு லேப்ரடார், சாக்கில் கட்டிய சேவல் ஒன்று. ஆட்டுக்காரப் பெரியவர் என் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "பூனைக்கெல்லாமா தம்பி ஆஸ்பத்திரி?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே ஆச்சரியம். அவரைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது மாடும் குதிரையும்தான் கணக்கு. 1989இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. நம் திருப்பரங்குன்றத்தில் அதன் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது, 2020இல் தேனிக்கே ஒரு கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் உழவுக்கும் பாலுக்கும் உதவாத பூனை இந்த வரிசையில் கடைசியாகத்தான் வந்து நின்றிருக்கிறது. எலி பிடிக்கிற வேலைக்கு நாம் சம்பளம் என்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா மிளகின் தலைக்கு அருகே குனிந்தார். முதல் கேள்வி: "என்ன சார் ஊத்துனீங்க?"

"நல்லெண்ணெய்."

"பூண்டு போட்டா, போடாமயா?"

நம்ம ஊர்க்காரர்தான் என்று தெரிந்து பாதி பயம் போயிற்று.

உப்பிய காதை அவர் அப்புறம் என்று விட்டுவிட்டு, நன்றாக இருந்த வலது காதைத் திருப்பிக் காட்டினார். உள்ளே ஃபில்டரில் தங்கிய காப்பிச் சக்கை மாதிரி கருப்பாக, பொடிப்பொடியாக இருந்தது. அழுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பஞ்சால் கொஞ்சம் எடுத்து, எக்ஸ்ரே உறையிலிருந்த கறுப்புத் தாளில் தட்டி, டார்ச் அடித்து, என் கையில் ஒரு லென்ஸைக் கொடுத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தபிறகு, சக்கைக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தன.

காதுப் பூச்சி. ஓட்டோடெக்டஸ் சைனோட்டிஸ் என்று பெயர். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. எட்டுக்கால், சிலந்திக்குத் தூரத்து உறவு. தோலைக் குடைந்து உள்ளே போவதில்லை. மேலேயே திரிந்து, செத்த தோலையும் கசியும் நீரையும் தின்று வாழ்கிறது. அது கிளப்பும் அரிப்பில் குறும்பி அதிகமாகச் சுரக்கும். குறும்பி, ரத்தக் கசிவு, பூச்சியின் கழிவு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காப்பிச் சக்கை. பூனைக்குப் பூனை, பூனையிலிருந்து நாய்க்கு, தாயிடமிருந்து குட்டிக்கு என்று ஒட்டிக்கொள்ளும். படித்துறைத் திண்ணையில் பத்துப் பூனை ஒன்றாகப் படுக்கும் ஊரில் இது தப்பிப்பது கஷ்டம்.

மனிதனுக்கு வருமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறீர்கள். அபூர்வம். ஆனால் இதே கேள்வியைக் கேட்ட அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நியூயார்க் மாநிலத்து ராபர்ட் லோபஸ், பூனைக் காதிலிருந்து பூச்சியோடு சக்கையை எடுத்துத் தன் காதிலேயே விட்டுக்கொண்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பூச்சிகள் நடப்பதும் பிறாண்டுவதும் உள்ளே சத்தமாகக் கேட்டதாம், ராத்திரியில் அதிகமாம், அரிப்பில் தூக்கம் போயிற்றாம். 1993இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் இதை எழுதினார்; 1994இல் அவருக்கு 'இக் நோபல்' என்ற வேடிக்கைப் பரிசு கொடுத்தார்கள். எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை. நாம் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கேட்பதில்லை. பூனை ஏறக்குறைய 85,000 வரை கேட்கும். நம் காதுக்கே அத்தனை சத்தமாகக் கேட்டது மிளகின் காதுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அதோடு அழகரின் அதிர்வேட்டு வேறு.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். மூன்றாம் நாள் சொறிவது ஏன் குறைந்தது? இதை டாக்டரம்மாவிடம் கொஞ்சம் வீம்பாகவே கேட்டேன். அவர் மறுக்கவில்லை. எண்ணெய் பூச்சியை மூச்சுத் திணறடிக்கும். மருந்துகள் வராத காலத்தில் மருத்துவர்களே எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அப்பத்தாவின் வைத்தியம் பாதி சரிதான். மீதிப் பாதி முட்டையில் இருக்கிறது. எண்ணெய்க்கு முட்டை அசையாது. நாலு நாளில் பொரிக்கும், மூன்று வாரத்தில் வளர்ந்து அதுவும் முட்டையிடும். நான் பெருமையடித்துக்கொண்டிருந்த நாட்களில் உள்ளே அடுத்த தலைமுறை பொரிந்துகொண்டிருந்தது. போதாததற்கு எண்ணெய் காதுக்குள் மட்டும்தான் போகும். பூச்சியோ கழுத்திலும் வாலிலும்கூடத் திரியும். பூனை சுருண்டு படுக்கும்போது வால் நுனி காதருகே வந்துவிடுகிறது அல்லவா?

எண்ணெய் ஊற்றக் கூடாததற்கு இன்னொரு காரணம், பூனைக் காதின் அமைப்பு. நம் காது கிட்டத்தட்ட நேர்ச் சந்து. பூனையுடையது நேராகக் கீழே இறங்கி, மாசி வீதி மூலை மாதிரி சட்டென்று உள்ளே திரும்புகிறது. செவிப்பறை அந்தத் திருப்பத்துக்கு அப்பால். வெளியிலிருந்து நமக்குத் தெரிவது முதல் வீதி மட்டுமே. பட்ஸை விட்டுத் துடைத்தால் சக்கையை மூலைக்குத் தள்ளி அடைத்துவிடுவோம். செவிப்பறை ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தால், ஊற்றுகிற எதுவும் நடுக்காதுக்குப் போய்விடும். சில ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்துகளே அப்படிப் போனால் கேட்கும் திறனைக் கெடுக்கும். அதனால்தான் கருவியை விட்டுச் செவிப்பறையைப் பார்த்த பிறகே மருத்துவர்கள் மருந்து எழுதுகிறார்கள். வீட்டில் மீந்துபோன போன வருஷத்துச் சொட்டு மருந்தை யாரும் எடுக்க வேண்டாம்.

இடது காதின் உப்பல் வேறு கதை. ஓயாமல் உதறியதிலும் சொறிந்ததிலும் மடலுக்குள் ரத்தக் குழாய் உடைந்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் தேங்கிவிட்டது. மயக்க மருந்து கொடுத்து, கீறி வடித்து, இரண்டு படலமும் மறுபடி ஒட்டுவதற்காக மடல் முழுக்கத் தையல் போட்டார்கள். நான் மூன்று நாள் தள்ளாமல் அன்றே போயிருந்தால் மடல் நிமிர்ந்து நின்றிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை நானே இங்கே எழுதிவிடுகிறேன். இப்போது அது காய்ந்த வெற்றிலை மாதிரி சுருங்கித்தான் இருக்கிறது. சோழவந்தான் வாசகர்களுக்கு உவமை புரியும்.

பூச்சிக்குத் தந்தது பிடரியில் விடுகிற செலமெக்டின் சொட்டு. மூன்று கிலோவுக்கு எவ்வளவோ அவ்வளவு. நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் படும்படி. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. காதைச் சுத்தம் செய்ய ஒரு திரவம். மாடி வீட்டு அம்மா வளர்க்கும் இரண்டு குட்டிகளுக்கும் சேர்த்தே வைத்தியம், இல்லையென்றால் மிளகுக்குத் திரும்பி வந்துவிடும். "எங்க குட்டிகளுக்கு ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தானே இருக்கு" என்று அவர் சொல்லச் சொல்ல, நான் கறுப்புத் தாளையும் லென்ஸையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவரே என்னைவிடத் தீவிரமாகிவிட்டார். எங்கள் தெருவில் இப்போது லென்ஸ் அவரிடம்தான் இருக்கிறது.

இனிக் கடிதங்கள்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து வீட்டில் மீதமிருக்கிறது, அதைக் காதில் விடலாமா என்கிறார். ஐயா, வேண்டாம். மருந்து நல்ல மருந்துதான். ஜப்பானில் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது, அதைக் கண்டுபிடித்த சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நான் சொன்ன செலமெக்டினும் அதே குடும்பம். ஆனால் உங்களிடம் இருப்பது ஆடுமாட்டுக்கென்று செறிவாகச் செய்தது. ஒரு கிலோ குட்டிக்கு அதை அளந்து குறைப்பது சமையலறையில் நடக்கிற காரியமில்லை. கொஞ்சம் கூடினாலும் குட்டி தள்ளாடி விழுந்துவிடும்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கு விட்டதாக வில்லாபுரத்திலிருந்து ஒரு கடிதம். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டதாம். பெர்மெத்ரின் என்று உறையில் போட்டிருந்தால் அது பூனைக்கு விஷம். நடுக்கம் எடுக்கும், வலிப்பு வரும், செத்தும் போகும். நாயின் ஈரல் முறித்துத் தள்ளுகிற பல பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், கால் மாத்திரைகூட. பினாயில் தொட்டுத் துடைப்பது, கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துத் தடவுவது, இவையும் அந்தக் கணக்குதான். ஒருவர் மண்ணெண்ணெய் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

ஆனையூர் வாசகி ஒருவரின் பூனை தூய வெள்ளை, இரண்டு கண்ணும் நீலம். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, காது அடைத்திருக்குமோ என்று ஒரு மாதமாக ஏதோ சொட்டு விடுகிறாராம். அம்மா, நிறுத்திவிடுங்கள். அது பெரும்பாலும் பிறவிச் செவிடு. நீலக் கண் பூனைக்குக் காது கேட்காது என்பதை டார்வின் 1859லேயே எழுதிவைத்திருக்கிறார். தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே வகை உயிரணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாத பூனைக்குப் பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் பகுதி சிதைந்துவிடுகிறது. எல்லா வெள்ளைப் பூனைக்கும் அப்படி ஆவதில்லை. ஒரு கண் மட்டும் நீலமானால் அந்தப் பக்கத்துக் காது மட்டும் போகலாம். மருந்து கிடையாது. கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் தட்டுங்கள், அதிர்வு அதற்குத் தெரியும். தெருவில் விடாதீர்கள், ஆட்டோவின் ஹாரன் அதற்குக் கேட்காது.

வெள்ளைப் பூனைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடி மெலிந்த காது நுனியில் வருஷக்கணக்கில் வெயில் பட்டால் புற்றுநோய் வரலாம். மதுரை வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் விளிம்பு சிவக்கும், பிறகு செதில், ஆறாத பொருக்கு. சண்டையில் பட்ட காயம் என்று விட்டுவிடுவோம். சீக்கிரம் பார்த்தால் நுனியை மட்டும் வெட்டி எடுத்துக் காப்பாற்றிவிடலாம். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை மொட்டை மாடிக் கதவைச் சாத்திவையுங்கள்.

காது விளிம்பில் பொருக்குத் தட்டி, அது நெற்றி, முகம் என்று படர்ந்து, பூனை கிழவி மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியவர்களே அதிகம். அது வேறு பூச்சி. இது தோலைக் குடைந்து உள்ளே போகிறது. சொறி என்று நாம் சொல்வது இதைத்தான். மற்றப் பூனைகளுக்கு வேகமாகப் பரவும், தூக்கிக் கொஞ்சுபவர்களின் கையிலும் கொஞ்ச நாள் அரிக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. தெருப் பூனைக்கு இப்படி வந்தால் விரட்டாமல், முடிந்தால் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் முடி கொட்டிவிட்டதாகப் பதறி எழுதிய கூடல்நகர்க் கல்லூரி மாணவிக்கு: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெலிந்திருந்தால் அது இயல்புதான். காதின் வெளி ஓரத்தில் கீழே சிறு பை மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், அதையும் கிழிசல் என்று நினைக்க வேண்டாம். எல்லாப் பூனைக்கும் உண்டு. எதற்காக என்று உயிரியல்காரர்களுக்கே இன்னும் தீர்மானமில்லை. மாதம் ஒரு முறை உள்ளே பாருங்கள். வெளிறிய இளஞ்சிவப்பாக, நாற்றமில்லாமல் இருந்தால் தொடவே வேண்டாம். புளித்த மாவு வாடையோ சீழோ என்றால் அது பூச்சியைத் தாண்டிப் பூஞ்சை, பாக்டீரியா வரைக்கும் போயிருக்கிறது.

காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு. பூனை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தால், வட்டமடித்தால், நடை தள்ளாடினால், கண்மணி இடவலமாகத் துடித்தால், கோளாறு நடுக்காதையோ உட்காதையோ தொட்டுவிட்டது. அன்றைக்கே போங்கள், அழகர் இறங்கினாலும். இளம் பூனைகளுக்கு நடுக்காதிலிருந்து சதை வளர்ந்தும் இப்படி ஆகும்; அதோடு மூச்சு விடும்போது குறட்டை மாதிரிச் சத்தமும் வரலாம். அறுவை சிகிச்சையில் எடுத்துவிடுகிறார்கள்.

காதில் மருந்து விடுவது எப்படி என்று கேட்காதவர்கள் இல்லை. மூன்று வாரத்தில் நான் கற்றது இவ்வளவு. தனி ஆளாக முடியாது. பழைய டர்க்கித் துண்டில் கழுத்துக்குக் கீழே நாலு காலையும் சேர்த்து, குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி சுற்ற வேண்டும். பாட்டிலை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குங்கள்; சில்லென்று விழுந்தால் அடுத்த முறை துண்டைப் பார்த்ததுமே ஓடிவிடும். மடலை மேலாக இழுத்துச் சொட்டை விட்டு, காதின் அடியை விரலால் பிசையுங்கள்; உள்ளே சளசளவென்று சத்தம் வரும். பிறகு விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். உதறட்டும், மூலைக்கு அப்பால் இருப்பதை வெளியே கொண்டுவர அதைவிட நல்ல கருவி இல்லை. வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடையுங்கள். நகமோ பல்லோ பட்டுவிட்டால், வீட்டுப் பூனைதானே என்று இருக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை சீட்டு எழுதுகிறவர் "மறுபடியும் மிளகா சார்?" என்றார்.

போன வாரம் மறுபரிசோதனை. கறுப்புத் தாளில் ஒன்றும் நகரவில்லை. இருந்தாலும் இரண்டாம் சொட்டை விட்டு அனுப்பினார் டாக்டரம்மா.

பூனையின் காதுமடலை அசைக்க ஏராளமான தசைகள் இருக்கின்றன என்று எங்கோ படித்துவிட்டு, சுருங்கிப்போன இடது காது இனி திரும்புமா என்று எனக்கு ஒரு கவலை இருந்தது. நேற்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் ஜன்னலில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே மீன்கூடைக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் கூப்பிட்டேன். முகம் திரும்பவில்லை. அந்தக் காய்ந்த வெற்றிலை மட்டும் கால்வாசி என் பக்கம் திரும்பி, ஒரு நொடி நின்று, மறுபடி மீன் பக்கம் போய்விட்டது.

அன்புடன்,
ஆசிரியர்